ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால்: எம்.எஸ். உள்ளவர்களுக்கு ஒரு வேலைக் கையேடு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் காலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நடக்க முடியுமா, வண்டி ஓட்டலாமா, சக்கர நாற்காலி வந்துவிடுமா? வேலைக்குப் போகிறவர் இவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: என் யோசனை எப்படி இருக்கும்? அதை யாரும் கேட்பதில்லை. மருத்துவரும் தானாகச் சொல்வது குறைவு.

ஒரே மெயிலை மூன்று தடவை படித்தும் பிடிபடாமல் போகிறது. மீட்டிங்கில் நாலு பேர் மாறி மாறிப் பேசினால் இரண்டாவது ஆள் சொன்னதோடு கவனம் நின்றுவிடுகிறது. வருஷக்கணக்காகப் பழகிய வாடிக்கையாளரின் பெயர் தொண்டை வரை வந்து நிற்கிறது. நேற்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன மூன்று வேலைகளில் ஒன்று அடியோடு மறந்துபோயிருக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் "நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அப்ரைசலில் மட்டும் "கவனக்குறைவு", "முன்பிருந்த ஆர்வம் இல்லை" என்று எழுதப்படுகிறது. எழுதியவரைவிட, படிப்பவர்தான் அதை முழுதாக நம்பிவிடுகிறார். ராஜினாமா எண்ணம் பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த நோய் பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பதவி உயர்வும் வீட்டுக்கடனும் குழந்தையும் சேர்ந்து வருகிற வயது அது. அந்த வயதில் ஒருவர் "என் மூளை மழுங்கிவிட்டது" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வேலையை விட்டு வெளியேறுவது பெரிய அநியாயம். எம்.எஸ்.ஸில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் மூளையின் வேகம்தான். சொல்வளமும் பொது அறிவும் தொழிலில் சேர்த்த அனுபவமும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. வேகம் குறைந்தவருக்கு வேலையின் அமைப்பை மாற்றித் தர முடியும். அதற்கு முதலில் அளக்க வேண்டும், பிறகு வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

தலைக்குள் என்ன நடக்கிறது?

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. எம்.எஸ்.ஸில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அந்த உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் செய்தி மெதுவாகப் போகிறது, சில நேரம் நின்றே போகிறது. காலுக்குப் போகும் பாதையில் இது நடந்தால் கால் தடுமாறும். மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகளில் நடந்தால் யோசனை தாமதிக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1868இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இந்த நோயைத் தெளிவாக விவரித்த நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நோயாளிகளின் நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெல்ல உருவாவதையும் தன் விரிவுரைகளில் குறிப்பிட்டிருக்கிறார். அதன்பின் நூறு வருஷத்துக்கும் மேல் அது ஓரமாகவே கிடந்தது. 1991இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் குழுவினர் எம்.எஸ். உள்ள நூறு பேரைச் சோதித்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிந்தனைத் தடுமாற்றம் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி அடுத்தது. உடல் பாதிப்பில், தடுமாற்றம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியும், சிந்தனைத் தடுமாற்றம் இருந்தவர்களில் வேலையில் நீடித்தவர்கள் குறைவு. கால் தாங்கியும் வேலை போயிருக்கிறது. பிறகு வந்த ஆய்வுகள் இந்தத் தடுமாற்றம் 40 முதல் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இருப்பதாகக் காட்டுகின்றன. ஆகவே உங்களுக்கு மட்டும் நடப்பதாக நினைத்து ஒளிந்துகொள்ள அவசியமே இல்லை.

ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்

ஒரு தாள். மேல் வரிசையில் ஒன்பது குறியீடுகள். ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 9 வரை ஓர் எண். அதன் கீழே அதே குறியீடுகள் கலைத்துப் போட்டு வரிசை வரிசையாக, எண் இல்லாமல். மேலே பார்த்துப் பார்த்து, கீழே உள்ள குறியீட்டுக்கு எந்த எண் என்று வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 90 வினாடியில் நிறுத்திவிடுவார்கள். சரியாகச் சொன்னவற்றின் எண்ணிக்கைதான் மதிப்பெண். எஸ்.டி.எம்.டி. என்ற இந்தச் சோதனையில் படிப்பறிவைக் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. கண்ணும் நினைவும் வாயும் எவ்வளவு விரைவாகச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை மட்டும் அது பார்க்கிறது. எம்.எஸ்.ஸில் முதலில் தளர்வதும் பெரும்பாலும் அதுதான். முந்தைய முறையைவிட நான்கு மதிப்பெண் குறைந்தாலே அதைப் பொருட்படுத்த வேண்டிய சரிவாக நிபுணர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதோடு ஒரு சொற்பட்டியல் நினைவுச் சோதனையும் ஓர் உருவ நினைவுச் சோதனையும் சேர்ந்ததுதான் பைகாம்ஸ் என்ற தொகுப்பு. மொத்தமும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எம்.எஸ். உள்ள எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படிப் பார்க்க வேண்டும் என்று 2018இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. நம் ஊர் ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. பார்த்து, ஊசி எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டாக வேண்டியிருக்கிறது. ஆகவே நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்: "டாக்டர், எனக்கு எஸ்.டி.எம்.டி. எடுத்துப் பார்க்கணும்." அங்கே வசதி இல்லையென்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பு உளவியல் பரிசோதனைக்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. இப்போது உங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்றாலும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சரிவு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்க எண் வேண்டும். ஹெச்.ஆர்.ருக்குக் காட்டவும் "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்பதைவிட அந்த அறிக்கை பல மடங்கு பயன்படும்.

மந்தத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். சரிசெய்யக்கூடிய விஷயங்கள் அதிகம் இருப்பது இங்கேதான்.

முதலில் மனச்சோர்வு. எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப்பேர் வரை வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். நோய் வந்துவிட்டதே என்ற துயரம் அதில் ஒரு பங்கு. மூளையில் நடக்கும் அழற்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே "மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று சொல்லிச் சரிசெய்துவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, தான் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு தன்னளவிலேயே கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கும். அது தெளிந்தால் வேலையிலும் ஒரு பங்கு தெளிவு திரும்பும். மருந்தும் உளவியல் ஆலோசனையும் எம்.எஸ். உள்ளவர்களுக்கும் பலன் தருகின்றன. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் நாள் முழுக்க இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பதற்றமும் அப்படித்தான். ஐந்தில் ஒருவருக்காவது அது இருக்கிறது. எங்கே தவறு செய்துவிடுவோமோ என்று ஒரே மெயிலைப் பத்துத் தடவை சரிபார்ப்பவருக்கு, பார்க்கிற வேலையே பாதி சக்தியைத் தின்றுவிடும்.

அடுத்தது களைப்பு. இரவு முழுக்கத் தூங்கியும் காலை பதினொரு மணிக்கே மூட்டை சுமந்தவர் போல அசந்து போவது எம்.எஸ்.ஸின் மிகப் பரவலான அறிகுறி. அதைச் சோம்பல் என்று அடுத்தவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மருந்துகளையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபன், நரம்பு வலிக்கான கேபாபென்டின், பிரீகேபலின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின் ஆகிய எல்லாமே சிலருக்குத் தலையை மந்தமாக்கும். வேளையை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்; பேக்லோஃபனைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. தைராய்டு, பி12, இரவில் மூச்சுத் தடைபடும் குறட்டை, இவற்றையும் ஒரு வாட்டி பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெளியே சொல்லக் கூசுவார்கள். சிலருக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில் அழுகையோ சிரிப்போ பொங்கிவரும், அடக்க முடியாது. மனதில் துக்கம் இருக்காது, கண்ணீர் மட்டும் வரும். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் பழுதாவதால் வருவது இது. ஒரு ரிவியூ மீட்டிங்கில் இப்படி நடந்தால் வாழ்நாள் அவமானமாகத் தோன்றும். ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது. மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் எழுதித் தருவார்.

இரண்டு வாரக் குறிப்பேடு

யாரிடமும் எதையும் கேட்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். மன உளைச்சலைக் கொட்டும் டைரி வேறு, இது வேறு. எந்த நேரம், என்ன வேலை, எது தவறியது, அப்போது சுற்றி என்ன நடந்தது என்ற நாலு விவரம் போதும். "செவ்வாய், மதியம் 3.10, இன்வாய்ஸ் என்ட்ரி, இரண்டு எண் இடம் மாறியது, அதே நேரம் போன் வந்தது, ஏ.சி. ஓடவில்லை." இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்தாலே ஓர் ஒழுங்கு தெரியும். எல்லா நேரமும் தவறுவதில்லை என்பது தெரியும். அநேகமாக மதியத்துக்கு மேல், குறுக்கீட்டின்போது, புழுக்கத்தில். மாற்ற வேண்டியது உங்கள் மூளையையா, மூன்று மணிக்கு வரும் போனையா என்று அப்போது பேச முடியும்.

வேலையை மாற்றி அடுக்குவது

ஜி.எஸ்.டி. பார்க்கும் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். பத்தாம் தேதி காலையில் உட்கார்ந்து இரவுக்குள் முடிப்பதுதான் அலுவலக வழக்கம். சுற்றி எல்லோரும் "அந்த பில் வந்துதா, இந்த பில் வந்துதா" என்று கேட்டபடி இருப்பார்கள். எம்.எஸ். வந்தபின் அவர் தவறு செய்வது அந்த ஒரு நாளில்தான். மற்ற நாளெல்லாம் அவர் வேலை சுத்தம். அவர் செய்ய வேண்டியது என்ன? மாத முதல் தேதியிலிருந்தே தினமும் காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை இன்வாய்ஸ் சரிபார்ப்பு மட்டும். அந்த நேரத்தில் போன் வேறு ஒருவர் மேஜைக்கு. பில் கேட்பவர்கள் வாயால் கேட்காமல் ஒரே ஷீட்டில் எழுத வேண்டும். எட்டாம் தேதிக்குள் கணக்கு தயார். ஒன்பதாம் தேதி இன்னொருவர் ஒருமுறை பார்ப்பார். பத்தாம் தேதி தாக்கல் மட்டும். ஆள் அதே ஆள், சம்பளம் அதே சம்பளம். மாறியது நாட்களின் அடுக்கு. அந்த நிறுவனத்தில் மற்றவர்களுக்கும் இது சௌகரியமாகவே இருக்கும்.

இதற்குள் இருக்கும் விதி எந்த வேலைக்கும் பொருந்தும்: ஒரு நேரத்தில் ஒரு வேலை. எம்.எஸ்.ஸில் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும்போது இரண்டுமே தளரும். நடந்துகொண்டே போனில் முக்கியமான விஷயம் பேசினால் நடையும் தடுமாறும், பேச்சும் தடுமாறும். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே வருகையைப் பதிய வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் வருகைக்கு, பிறகு பாடம். வாட்ஸ்அப் குரூப் அலுவலகத்தின் பெரிய எதிரி. மௌனமாக்கிவிட்டு, பதினொரு மணிக்கும் மூன்றரைக்கும் பார்ப்பேன், அவசரமென்றால் போன் பண்ணுங்கள் என்று குழுவிலேயே எழுதிவிடுங்கள்.

நினைவு விஷயத்தில் ஓர் ஆறுதலான செய்தி உண்டு. எம்.எஸ்.ஸில் நினைவுச் சிக்கல் பெரும்பாலும் உள்ளே ஏறும் கட்டத்தில்தான் இருக்கிறது. ஒழுங்காக ஏறிவிட்டால் பிறகு எடுத்துக்கொள்வதில் அவ்வளவு கஷ்டம் இருப்பதில்லை. ஆகவே கேட்டதை அப்போதே திருப்பிச் சொல்லுங்கள்: "அப்படின்னா வெள்ளிக்கிழமைக்குள்ள திருச்சி கிளை ரிப்போர்ட், அதுல போன மாசக் கணக்கும் சேர்க்கணும், சரியா சார்?" சொல்லி முடித்ததும் எழுதுங்கள். எழுதியதையே அவருக்கு இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். மூன்று தடவை ஏறிவிட்டது, ஆதாரமும் ஆயிற்று. புதிய பெயர்களையும் பட்டியல்களையும் ஒரு கதையாகக் கோத்து மனதில் படமாக்கும் பயிற்சியை நியூஜெர்சியின் கெஸ்லர் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் எம்.எஸ். உள்ளவர்களிடம் சோதித்து, 2013இல் நல்ல பலன் கண்டார்கள். மறுவாழ்வு உளவியலாளரிடம் இந்தப் பயிற்சி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

குறிப்பெழுத ஒரே ஒரு நோட்டு வையுங்கள். மஞ்சள் ஸ்டிக்கர், போன் குறிப்பு, மெயில் டிராஃப்ட், உள்ளங்கை என்று நாலு இடத்தில் எழுதினால் எங்கே எழுதினோம் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் வேலைக்குச் சரிபார்ப்புப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். விமானிகள் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவர்களானாலும் பட்டியலைப் பார்த்துத்தான் புறப்படுகிறார்கள். பட்டியல் வைத்து வேலை செய்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மீட்டிங்குக்கு நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே கேளுங்கள். முடிந்ததும் குறிப்பு வேண்டும். உடனடியாகப் பதில் கேட்டால், "பார்த்துட்டு நாலு மணிக்குள்ள சொல்றேன்" என்ற வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள். நாலு மணிக்குள் சொல்லியும் விடுங்கள். அந்த நம்பிக்கை ஒருமுறை வந்துவிட்டால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலும் உறை சிதைந்த நரம்புகளில் செய்தி இன்னும் மெதுவாகும். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்கியவர்களைப் பற்றி ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890இல் எழுதியதால் இதற்கு அவர் பெயர்தான். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. சென்னையிலோ வேலூரிலோ மே மாதம் ஒன்பது மணி பஸ்ஸில் நின்றபடி வந்து சேர்ந்தவருக்கு முதல் ஒரு மணி நேரம் யோசனை ஓடாமல் போவதற்கு இதுவே போதுமான காரணம். ஏழரைக்கு வந்து நாலுக்குக் கிளம்பும் நேர மாற்றம், கோடையில் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, ஏ.சி.க்குப் பக்கத்தில் சீட், கழுத்தில் ஈரத்துண்டு, குளிர்ந்த தண்ணீர் என எல்லாமே செலவில்லாத ஏற்பாடுகள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுக்க ஓர் அறை கிடைத்தால் மாலை வேலை பிழைக்கும். களைப்பு வந்தபின் ஓய்வெடுப்பதைவிட, வருமுன் எடுப்பது நல்லது.

யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் மாற்றம் செய்து தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமும், எழுத்தில் பதிவு செய்யும் ஹெச்.ஆர்.ரிடமும் சொன்னால் போதும். இன்னும் குறை எதுவும் இல்லை, மாற்றமும் வேண்டாம் என்றால் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் தவறுகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அப்ரைசலுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. மோசமான மதிப்பீடு வந்தபின் சொன்னால் சாக்குப்போக்காகக் கேட்கும். வேலையில் சேரும்போது மருத்துவப் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். பின்னாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

நோயின் முழு வரலாற்றையும் சொல்ல உட்கார்ந்தால் கேட்பவர் பயந்துவிடுவார். சுருக்கமாக, வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள்:

"மேடம், எனக்கு எம்.எஸ்.னு ஒரு நரம்புப் பிரச்சினை இருக்கு. ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டிருக்கேன். என் வேலையில தரம் குறையாது. ஆனா ஒரே நேரத்துல நாலஞ்சு பேர் வாயால சொல்ற வேலையைப் பிடிச்சுக்கறது இப்ப எனக்குக் கஷ்டமா இருக்கு. மூணு விஷயம் மாத்திக் கொடுத்தீங்கன்னா போதும். எழுதிக் கொண்டாந்திருக்கேன். மூணு மாசம் வெச்சுப் பார்க்கலாமா?"

கையில் ஒரு தாள். அதில் குறிப்பேட்டிலிருந்து எடுத்த மூன்றே கோரிக்கைகள். காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை குறுக்கீடு இல்லாத நேரம். வேலைகளை எழுத்தில் தருவது. கோடை மாதங்களில் நேர மாற்றம். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயரோடு "இன்னின்ன ஏற்பாடு தேவை" என்ற வரி இருக்க வேண்டும். பேசி முடித்த அன்றே, "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சு மேலாளர் மாறினால் போய்விடும், மெயில் நிற்கும்.

சட்டம் என்ன தருகிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில், நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளின் கீழ் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசுப் பணியில் இருப்பவருக்குப் பிரிவு 20(4) பலமான பாதுகாப்பு: பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய பணி முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அப்படி ஓர் இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். "விருப்ப ஓய்வு வாங்கிக்குங்களேன்" என்று அன்பாகச் சொல்லும் மேலதிகாரியிடம் இந்தப் பிரிவை மரியாதையோடு எடுத்துக் காட்டுங்கள்.

தனியார் துறையில் பிடி தளர்வுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 21. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் அதில் என்னென்ன வசதி தரும் என்பதையும் சொல்லி, தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும் என்கின்றன 2017 விதிகள். அந்தக் கொள்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டும் பலன் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பித்துவிடுங்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் எந்த உரிமையும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள ஒரு தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் பதிலாக எழுத ஆள் கேட்ட வழக்கு அது. நியாயமான ஏற்பாடுகளைப் பெற 40 சதவீதக் கோடு தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அரசு வேலையில் நாலு சதவீத இடஒதுக்கீடு மட்டும் வேறு கணக்கு. அந்தப் பட்டியலில் எம்.எஸ். என்ற பெயரில் இடம் ஒதுக்கப்படவில்லை. லண்டனில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு நிலைமை இன்னும் தெளிவு: பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி எம்.எஸ். என்று உறுதியான நாளிலிருந்தே பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது.

1985இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குவதில் எங்கே இழுக்கிறார்கள், எந்த ஆவணம் கேட்கிறார்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே அலைந்து வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டுப் போங்கள்.

மேலாளருக்குச் சில வார்த்தைகள்

உங்கள் குழுவில் ஒருவர் வந்து இப்படிச் சொன்னால், முதலில் "என்ன மாத்தணும், சொல்லுங்க" என்று கேளுங்கள். இரக்கப்பட்டு அவரிடமிருந்து நல்ல பொறுப்புகளை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்; அது தண்டனையாகத்தான் விழும். அவர் சொன்னதைக் குழுவில் பரப்பாதீர்கள். எத்தனை நிமிடத்தில் பதில் வந்தது என்று பார்க்காமல், வந்த பதில் சரியா என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் குறித்து, எது உதவியது, எது உதவவில்லை என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

விடுவதென்றால்

அறிகுறிகள் திடீரென்று மோசமாகும் எம்.எஸ். அட்டாக் வந்திருக்கும் நாட்களிலும், ஸ்டீராய்டு ஏற்றிய வாரத்திலும், மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கிய முதல் மாதங்களிலும் ராஜினாமா முடிவு எடுக்காதீர்கள். அட்டாக்குக்கு அதிக அளவில் ஏற்றும் ஸ்டீராய்டான மெத்தில் பிரட்னிசலோன் தூக்கத்தைப் பறித்து, மனதை மேலும் கீழும் இழுக்கும். அட்டாக்கின்போது சரிந்த யோசனை வேகம் வாரங்கள், மாதங்கள் கழித்து ஓரளவாவது திரும்புவதும் உண்டு. அந்த இடைவெளிக்கு மெடிக்கல் லீவ் இருக்கிறது, சம்பளமில்லா விடுப்பு இருக்கிறது, குறைந்த நேர வேலை இருக்கிறது, வாடிக்கையாளர் அழைப்பு இல்லாத வேறு பிரிவு இருக்கிறது. இத்தனையையும் எழுத்தில் கேட்டுப் பார்த்த பிறகு, எஸ்.டி.எம்.டி. மறுபடி எடுத்துப் பார்த்த பிறகு, மருத்துவரிடமும் வீட்டிலும் பேசிய பிறகு, வேலையை விடுவதே நல்லது என்று தோன்றினால் அது நிதானமான முடிவு. அதில் தோல்வி எதுவும் இல்லை.

அப்போதும் காப்பீட்டை முதலில் பாருங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நோயையும் ஏற்கும். வெளியே வந்து புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்தால் அதே நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், எம்.எஸ். என்று தெரிந்ததும் பாலிசியே தர மறுப்பவர்களும் உண்டு. எம்.எஸ். மருந்தின் விலையில் அந்த இடைவெளியைத் தாங்க எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதி இருக்கிறதா, காத்திருப்புக் காலக் கழிவு கிடைக்குமா என்று நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தந்தாக வேண்டும். புதிய பாலிசியில் அது எந்தப் பக்கத்தில், என்ன வரம்போடு இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பதில் மெயிலில் வந்து சேர்ந்த பிறகு கடைசி வேலை நாளைக் குறியுங்கள்.